முதியோர் பேணலும் கடைநாள் அறமும்
(கும்பாபிஷேகப் பெருவிழாச் சொற்பொழிவு)



பழுதுற்ற திருக்கோயிலைப் புதுக்க முற்படுவோர் எடுத்தவுடன் உளியைக் கையில் எடுப்பதில்லை. முதற்கண் கலாகர்ஷணம் செய்து, மூல மூர்த்தியின் அருட்கலைகளைக் கும்பத்தில் எழுந்தருளுவித்துப் பாலாலயத்தில் வைத்து வழிபடுவர். அதன் பின்னரே சிற்பியின் கை திருப்பணியில் படும். அக்கிரியையில் அவசரமும் இல்லை, அசட்டையும் இல்லை. கல்லாலாய கோயிலுக்கே இத்துணை மரியாதை உண்டெனின், உயிர் குடியிருக்கும் கோயிலாகிய உடம்பு தளரும்போது காட்டத்தக்க மரியாதை எத்தகையது?

கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவலூர் இவ்வினாவிற்கு விடை பகரும் தலம். அட்ட வீரட்டங்களுள் ஒன்றாகிய அத்திருக்கோயிலில், பெரியயானைக் கணபதியின் திருமுன்பு ஔவைப்பிராட்டியார் விநாயகர் அகவல் பாடினார் என்பது மரபு. சுந்தரர் வெள்ளை யானைமீதும் சேரமான் பெருமாள் குதிரைமீதும் கயிலைக்குச் செல்ல, மூதாட்டியாரும் உடன்செல்ல விரும்பிப் பூசையை விரைந்து முடிக்க எண்ணினார். கணபதியோ அவசரம் வேண்டா எனத் தடுத்தருளினார். பூசை முறைப்படி நிறைவுற்றது. பின்னர்த் தம் துதிக்கையால் அவரை எடுத்து, முன்சென்றோர்க்கும் முன்பாகக் கயிலையில் சேர்த்தார். முதுமைக்கும் முறையாக நிறைவேற வேண்டிய பூசை ஒன்றுண்டு. அதனை இடையிற் கலைப்பதும் பிழை. நிறைவுற்றபின் உயிரைப் போகவிடாது பற்றி இழுப்பதும் பிழை.

அவ்வூரிலேயே தென்பெண்ணையாற்றின் நடுவே கபிலர் குன்று நிற்கிறது. நண்பன் பாரி மாண்டபின் கபிலர் வடக்கிருந்து உயிர் நீத்தார் என்பது ஒரு மரபு. முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு அவர் தீப்புகுந்ததாகக் கூறும். அச்செயல் இக்காலத்தார் பின்பற்றுதற்கு உரியதன்று. துயருற்றவர்க்கு வேண்டுவது துணையே. ஆயினும், தம் பொறுப்பில் விடப்பட்ட பாரி மகளிர்க்கு ஒரு வழி செய்யும்வரை அப்பெரியார் ஓயவில்லை என்பது எக்காலத்தார்க்கும் பாடமாகும். பேணும் கடமை முடியுமுன் பிற பேச்சிற்கு இடமில்லை.

அக்கடமையின் அருமையைக் கல்வராயன் மலையில் கண்கூடாகக் காணலாம். கரியராமர் எழுந்தருளியுள்ள அம்மலையின் சிற்றூர்களிலிருந்து இளையோர் பலர் வேலை தேடி வெளியூர் செல்ல, முதியோரே வீடு காக்கின்றனர். நோயுற்ற முதியவரைக் கீழே கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனைக்குக் கொணர்வதே பெரும்பாடு. கொணர்ந்தபின் எழும் வினாவோ அதனினும் கடிது: மேலும் மருத்துவம் செய்வதா, மலைக்கே அழைத்துச் சென்று உற்றார் சூழ வைத்துக்கொள்வதா? நோய் நீக்குதல் இயலாதாயினும் வலி தணித்தல் இயலும். 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தில், படுக்கையில் வீழ்ந்தோர்க்கு வீட்டிற்கே சென்று நோய் ஆதரவு சிகிச்சை அளித்தலும் அடங்கும். வீட்டிற்கு அழைத்துச் செல்வது கைவிடுவதாகாது. வலியோடு தனியே கிடக்க விடுவதே கைவிடுவதாகும்.

கடைநாளில் முடிவு செய்தற்குரியவர் யார்? இவ்வினாவை நாட்டின் உச்ச நீதிமன்றமும் ஆராய்ந்துள்ளது. மும்பை மருத்துவமனை ஒன்றில் செவிலியாக இருந்த அருணா சான்பாக் 1973இல் கொடியவன் ஒருவனால் தாக்குண்டு நினைவிழந்தார். அவருக்கு உணவூட்டுவதை நிறுத்தவேண்டும் என்ற விண்ணப்பத்தை 2011இல் நீதிமன்றம் ஏற்கவில்லை. அவரைப் பேணிய செவிலியரின் விருப்பமே அங்கு மதிக்கப்பெற்றது. 2015இல் அவர் மறையும்வரை, ஏறத்தாழ 42 ஆண்டுகள், உறவினர் அல்லாத அச்செவிலியரே தாயினும் சாலப் பரிந்து காத்தனர்.

பின்னர் 2018 மார்ச் 9ஆம் நாள், கண்ணியத்தோடு இறத்தலும் வாழ்வுரிமையுள் அடங்கும் என அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மீளாத நிலையில் உயிரை நீட்டிக்கும் மருத்துவம் தமக்கு வேண்டா என ஒருவர் தெளிந்த அறிவோடு இருக்கும்போதே எழுதி வைக்கலாம். 2023இல் அம்முறை எளிதாக்கப்பெற்றது. சாட்சிகள் இருவர் முன் ஒப்பமிட்டு, நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் சான்றளித்தால் போதும். மருத்துவக் குழுக்கள் இரண்டு ஆராய்ந்து இசைந்த பின்னரே அவ்விருப்பம் நிறைவேற்றப்பெறும். மருந்து செலுத்தி உயிர் போக்குதலோ என்றும் குற்றமே.

இத்துணைக் காவல் எதற்கு? தென்மாவட்டங்கள் சிலவற்றில் ‘தலைக்கூத்தல்’ என்ற பெயரால், படுத்த முதியோரின் உயிரை வீட்டாரே முடித்த கொடுமை 2010இல் செய்தித்தாள்களில் வெளிப்பட்டது. வறுமையும் சலிப்பும் இரக்கத்தின் வேடம் பூண்டு வரும். “பாவம், கஷ்டப்படுகிறார்” என்னும் சொல், சொல்பவருடைய கஷ்டத்தையே குறிப்பதும் உண்டு. ஆதலின் முதியவர்தம் விருப்பம் அவர் வாயாலேயே முன்னதாகக் கேட்டறியத்தக்கது. அதனைக் கேட்பது அபசகுனமன்று. அவரை மதிக்கும் செயலாகும்.

கேட்கும் உரிமை பேணியவர்க்கே உண்டு. 2007ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோரைக் காத்தல் மக்களின் கடமை என விதித்தது. காப்பதாக ஏற்றுச் சொத்தினை எழுதி வாங்கியவர் காவாதொழியின், அப்பத்திரத்தைச் செல்லாததாக்கவும் அச்சட்டம் வழிசெய்தது. பெற்றோர் பசித்திருக்கக் கோபுரத்திற்குப் பொன் ஈவதால் யாது பயன்?

அன்பர்களே! திருக்கோயிலுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை கும்பாபிஷேகம் நிகழும். முதிர்ந்த உடம்பிற்கு அத்தகைய புதுக்கம் இல்லை. அதற்கு வேண்டுவன வேளைக்கு ஒருபிடி சோறும், வலி தணிக்கும் மருந்தும், அருகிருந்து கைப்பற்றும் ஒரு கையுமே. ஔவையின் பூசையைக் காத்த கணபதி, இல்லந்தோறும் நிகழும் அப்பூசையையும் காத்தருள்வாராக!

சுபம்.