மலைத் தோட்டத்தில் விசைத்தெளிப்பான்: ஏறும்போது ஒரு திருத்தம், இறங்கும்போது ஒரு திருத்தம்



உதகைப் பக்கம் காரட்டும் உருளைக்கிழங்கும் பயிர் செய்கிற நண்பர்கள் என்னிடம் அடிக்கடி சொல்லுகிற குறை ஒன்று உண்டு. "சார், கீழே மேட்டுப்பாளையத்துலே நல்லா ஓடின மிஷின், மேலே கொண்டுவந்தா இருமுது. ஒரே புகை. பெட்ரோலும் ஜாஸ்தி குடிக்குது" என்பார்கள். முதுகில் மாட்டி மருந்து தெளிக்கிற விசைத்தெளிப்பானைத்தான் சொல்லுகிறார்கள். களை வெட்டும் இயந்திரம், மரம் அறுக்கும் இயந்திரம் ஆகியவற்றில் உள்ள டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கும் இதே கதைதான். இது இயந்திரத்தின் கோளாறு அல்ல. மலைக்காற்றின் குணம்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகை சுமார் 2,240 மீட்டர். மேலே போகப் போகக் காற்று லேசாகிறது. மேட்டுப்பாளையத்துக் காற்றோடு ஒப்பிட்டால் உதகைக் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. இன்ஜின் ஒவ்வொரு முறையும் அதே அளவு காற்றைத்தான் இழுக்கிறது. ஆனால் அந்தக் காற்றில் சரக்கு குறைவு. கார்புரேட்டரின் ஜெட் துளையோ கீழே இருந்த அதே அளவுதான். பெட்ரோல் வரத்தும் கொஞ்சம் குறையும் என்றாலும், காற்று குறைந்த அளவுக்குக் குறைவதில்லை. கணக்குப் பார்த்தால் தேவைக்கு மேல் பத்தில் ஒரு பங்கு பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. அடுப்பில் விறகைத் திணித்துக் காற்றுக்கு வழி விடாவிட்டால் என்ன ஆகும்? புகைதானே வரும். அதுதான் இங்கேயும் நடக்கிறது.

புகையைக் கண்டதும் சில பேர் ஒரு காரியம் செய்கிறார்கள். பெட்ரோலில் கலக்கிற ஆயிலைக் குறைத்து விடுகிறார்கள். தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டனுக்கு வழுவழுப்புக் கொடுப்பது பெட்ரோலோடு சேர்ந்து வருகிற அந்த ஆயில்தான். வேறு வழி கிடையாது. 25-க்கு 1 என்று கம்பெனி புத்தகத்தில் போட்டிருந்தால் லிட்டருக்கு 40 மில்லி. 50-க்கு 1 என்றால் 20 மில்லி. மலையானாலும் சமவெளியானாலும் இந்த அளவு மாறாது. மேலும், ஆயிலைக் குறைத்தால் அந்த இடத்தில் பெட்ரோல்தான் கூடும். நோய் தீராது, புது நோய் சேரும்.

சரி, என்ன செய்வது? கார்புரேட்டரில் கைவைக்கும் முன் மூன்றைப் பாருங்கள். ஒன்று, ஏர் ஃபில்டர். அதில் தூசி அடைத்திருந்தாலும் இதே புகை வரும். இரண்டு, சோக் முழுவதும் திறந்திருக்கிறதா? மூன்று, ஆயில் கலவை சரியான அளவில் இருக்கிறதா? பாதிக் குறைகள் இங்கேயே தீர்ந்துவிடும்.

இம்மூன்றும் சரியாக இருந்தால் பிளக்கைப் பாருங்கள். மருந்துத் தொட்டியைக் கழுவித் தண்ணீர் ஊற்றி, முழு வேகத்தில் ஐந்து நிமிடம் தெளியுங்கள். வேகத்தைக் குறைக்காமல் அப்படியே இன்ஜினை நிறுத்துங்கள். சூடு ஆறிய பிறகு பிளக்கைக் கழற்றுங்கள். முனை கரிபடிந்து கறுப்பாக, ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம். வறுத்த காப்பிக்கொட்டையின் இளம்பழுப்பு நிறம் இருந்தால் சரியான அளவு. சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். அது ஆபத்து; உடனே ஓட்டத்தை நிறுத்துங்கள்.

கறுப்பாக இருந்தால் மெயின் ஜெட்டை மாற்ற வேண்டும். ஜெட்டின் மேல் எண் பொறித்திருக்கும். ஒரே கம்பெனி ஜெட்களில் எண் சிறியதானால் துளையும் சிறியது. துளையின் குறுக்களவில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே உதகை உயரத்துக்கு ஏறக்குறையச் சரியாகிவிடும். ஒரே தாவலில் இறங்காமல் ஒவ்வொரு அளவாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பாருங்கள். கம்பியை விட்டுத் துளையைக் குடைய வேண்டாம். துளை பெரிதாகிப் போகும்.

அரை வேகத்தில் மட்டும் இருமினால், ஊசி உள்ள கார்புரேட்டரில், ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றுங்கள். கிளிப் ஏறினால் ஊசி இறங்கும், பெட்ரோல் குறையும். களை வெட்டும் இயந்திரங்களில் பெரும்பாலும் ஜெட் மாற்றுகிற வேலை இருக்காது. எச், எல் என்று இரண்டு திருகுகள் இருக்கும். எச் முழு வேகத்துக்கு, எல் மெதுவான ஓட்டத்துக்கு. மலைக்கு வந்தால் வலப்பக்கம் அரைக்கால் சுற்று மட்டும் திருப்பிப் பாருங்கள். மூடி போட்டு அளவு வைத்திருக்கும் திருகானால் மூடியை உடைக்காமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு சரிசெய்தாலும் கீழே இருந்த முழுப் பலமும் மேலே திரும்பாது. காற்றே குறைவு அல்லவா? புகை நிற்கும், பெட்ரோல் மிச்சமாகும், ஓட்டம் சீராகும். அவ்வளவுதான்.

இனிமேல் சொல்லப்போவதுதான் இந்தப் பேச்சிலேயே முக்கியமானது. அதை நான் கற்றுக்கொண்ட விதமும் கொஞ்சம் கசப்பானது.

சில வருடங்களுக்கு முன் உதகைக்குப் பக்கத்தில் காரட் போடுகிற ஒருவருக்கு நானே உடனிருந்து ஜெட் மாற்றிக் கொடுத்தேன். இயந்திரம் அருமையாக ஓடியது. அவருக்கும் சந்தோஷம், எனக்கும் பெருமை. இரண்டு மாதம் கழித்து வந்தார். முகம் வாடியிருந்தது. "மச்சான் வாழைக்கு மருந்தடிக்கக் கேட்டார்னு மேட்டுப்பாளையத்துக்குக் கொடுத்தனுப்பிச்சேன் சார். ரெண்டாவது டேங்க் முடியலை, மிஷின் நின்னுபோச்சு. கயிறு இழுத்தா வரவே மாட்டேங்குது" என்றார். பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் உருகி உரசி, சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிஸ்டன், சிலிண்டர் இரண்டும் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று. மச்சான்மேல் அவருக்குக் கோபம். ஆனால் தவறு மச்சான்மேல் இல்லை. என்மேல்தான். ஏறும்போது சின்ன ஜெட் போடச் சொன்ன நான், இறங்கும்போது பெரிய ஜெட்டைத் திரும்பப் போடச் சொல்லவில்லை.

கீழே காற்று கனம். சின்ன ஜெட் வழியாக வருகிற பெட்ரோல் அதற்குப் போதாது. கலவை மெலிந்து சூடு ஏறுகிறது. பெட்ரோல் குறையும்போது அதோடு வருகிற ஆயிலும் குறைகிறது. சூடும் கூடி, வழுவழுப்பும் குறைந்தால் பிஸ்டன் என்ன செய்யும்? பிடித்துக்கொள்ளும். இதில் ஏமாற்றம் என்னவென்றால், பிடிப்பதற்குச் சற்று முன்புவரை புகையில்லாமல் கிண்ணென்று ஓடும். நாமும் நன்றாக ஓடுகிறது என்றே நினைப்போம்.

ஆகவே நண்பர்களே, ஏறும்போது மறந்தால் பெட்ரோல் நட்டம். இறங்கும்போது மறந்தால் இன்ஜினே நட்டம். மலை ஜெட் போட்டவுடன் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுங்கள். கழற்றிய பெரிய ஜெட்டைச் சின்ன டப்பாவில் போட்டு இயந்திரத்தோடேயே வைத்திருங்கள். இரவல் கொடுத்தால் அந்த டப்பாவையும் சேர்த்துக் கொடுங்கள், விஷயத்தையும் சொல்லிக் கொடுங்கள். திருகு வைத்த இயந்திரமானால் எவ்வளவு திருப்பினோம் என்பதை ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். வாரத்துக்கு ஒரு முறை ஏறி இறங்குகிற இயந்திரமா? அப்படியானால் கீழே உள்ள நிலத்துக்கு ஏற்ற ஜெட்டையே வைத்துக்கொண்டு, மேலே வரும் கொஞ்சம் புகையைப் பொறுத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் எப்போதும் பெரிய ஜெட். கறுத்த பிளக்கைத் துடைத்துவிடலாம். உருகின பிஸ்டனைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது.

அந்தக் காரட் விவசாயி இப்போதும் அதே இயந்திரத்தைத்தான் வைத்திருக்கிறார். போன முறை பார்த்தபோது கைப்பிடியில் சிவப்புத் துணி இருந்தது. மச்சானோடும் சமாதானமாகிவிட்டாராம்.