வெளிநாட்டில் அரை நாள் கிடைத்தால்...
(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்மில் பலர் கம்பெனி வேலையாக வெளிநாடு போய் வருகிறோம். திரும்பும் முன் அரை நாள் ஓய்வு கிடைக்கும். அது பெரும்பாலும் கடைத்தெருவில் கரைந்துவிடும். சாக்லேட்டும் சென்ட்டும் வாங்க ஏர்போர்ட்டே போதுங்க! அந்த அரை நாளை ஒரு மியூசியத்துக்குக் கொடுங்கள். நான் பார்த்தவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, லண்டன் சயன்ஸ் மியூசியம். அனுமதி இலவசம். 1813-14இல் செய்த 'பஃபிங் பில்லி' இங்கே இருக்கிறது. இன்று மிஞ்சியிருக்கும் நீராவி ரயில் எஞ்சின்களில் மிகப் பழையது அதுதான். ஜேம்ஸ் வாட் 1819இல் காலமானார். அவர் வீட்டு மாடியில் இருந்த பட்டறையைப் பூட்டியே வைத்திருந்து, 1924இல் தரைப்பலகை, சன்னலோடு பெயர்த்து இந்த மியூசியத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அதில் 8,000க்கு மேற்பட்ட சாமான்கள்!

என்னை அசத்தியது சார்லஸ் பாபேஜின் கணக்கு இயந்திரம். 1847-49இல் படம் வரைந்தார். செய்து பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. அந்தப் படங்களை வைத்து 1991இல், அவருடைய 200ஆவது பிறந்த ஆண்டில், மியூசியக்காரர்களே கணக்குப் போடும் பகுதியைச் செய்து முடித்தார்கள். சுமார் 4,000 உறுப்புகள். கைப்பிடியைச் சுற்றினால் கணக்கு சரியாக வருகிறது. மனுஷன் போட்ட டிசைன் சரிதான் என்று நிரூபணமாக 140 வருஷம் ஆயிற்று. படங்களைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டிருந்தால்?

இரண்டாவது, ஜெர்மனியில் மியூனிக் நகரத்து டாய்ச்சஸ் மியூசியம். 1903இல் இதை நிறுவிய ஆஸ்கர் ஃபான் மில்லர் நம்மைப்போல ஓர் எஞ்சினியர். இயந்திரத்தைக் கண்ணாடிக்குள் பூட்டாமல், குறுக்கே வெட்டிக் காட்ட வேண்டும், பார்ப்பவர் பட்டனை அழுத்தி ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ருடால்ஃப் டீசலின் 1897ஆம் வருஷத்து எஞ்சின் இவர்கள் சேகரிப்பில் உள்ளது. நமக்கு டீசல் சைக்கிள் என்றால் போர்டில் ஒரு பி-வி படம். அவருக்கோ 1893 முதல் நாலு வருஷப் போராட்டம். முதல் எஞ்சின் தானாக ஓடவே இல்லை. 1897இல் ஓடியது 26 சதவீத எஃபிஷியன்ஸி கொடுத்தது. இதன் ஒரு பகுதியை 2022இல் புதுப்பித்துத் திறந்தார்கள். மற்றதில் வேலை நடப்பதால், எந்தெந்தப் பிரிவு திறந்திருக்கிறது என்று விசாரித்துப் போங்கள்.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நம் தெர்மல் லேபின் பின்பக்கம் தார்ப்பாய்க்குக் கீழே ஒரு பழைய ஸ்டீம் எஞ்சின் கிடக்கிறது. இன்டிகேட்டர் டயக்ராம் எடுக்க நாம் கரி பூசிக்கொண்டு நின்ற அதே எஞ்சின். இப்போது கண்டம் லிஸ்டில் இருக்கிறதாம். எடைக்குப் போட்டால் என்ன கிடைக்கும்? நாமே அதை வாங்கிக் கல்லூரிக்குத் திருப்பிக் கொடுப்போம். சிலிண்டரை வெட்டித் திறந்து, ஒரு சின்ன மோட்டார் வைத்துச் சுற்றவிட்டால், ஸ்லைடு வால்வு எப்படி நகர்கிறது என்று முதல் வருஷப் பையனும் பொண்ணும் கண்ணால் பார்ப்பார்கள். வேலையை எங்கள் பேட்ச் ஏற்றுக்கொள்கிறது. முதல்வர் ஐயா ஏலத்தை மட்டும் கொஞ்சம் நிறுத்திவைக்க வேண்டும்.