மனு எழுதுபவரும் வழக்கறிஞரும்



பர் துபாயின் மீனா பஜார், அல் ஃபஹிதி வட்டாரங்களில் டைப்பிங் சென்டர்கள் பல உள்ளன. விசா விண்ணப்பம் முதல் தொழிலாளர் புகார் வரை அரபு மொழியில் தட்டச்சு செய்து தரும் இந்நிலையங்கள், அரபு அறியாத தமிழர்க்குப் பெருந்துணை. ஆயினும் மனுவைத் தட்டச்சு செய்பவர் வழக்கறிஞர் ஆகார். இவ்வேறுபாட்டை அறியாதவர் பணத்தை மட்டுமன்றி வழக்கையே இழக்க நேரிடும்.

இத்தொழிலை 2022ஆம் ஆண்டின் 34ஆம் எண் கூட்டாட்சி ஆணைச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. நீதிமன்றத்தில் கட்சிக்காரருக்காக வாதாடுபவர் பதிவுபெற்ற வழக்கறிஞர். சட்ட ஆலோசகர் கருத்துரைக்கலாம், ஒப்பந்தம் வரையலாம். நீதிமன்றத்தில் வாதாட இயலாது. துபாயில் இவ்விரு சாராரும் துபாய் அரசின் சட்ட விவகாரத் துறையில் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். தமிழ்நாடு பார் கவுன்சிலில் பதிவு செய்தவரும் அப்பதிவை மட்டும் கொண்டு இங்கு வழக்காட முடியாது. இந்தியாவிலும் உரிமையின்றி வழக்காடுவோருக்கு 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டம் 6 மாதம் வரை சிறை விதிக்கிறது.

ஊதியம் கிடைக்காத தனியார் நிறுவன ஊழியரின் புகார் முதலில் மனிதவள அமைச்சகத்திற்குச் செல்கிறது. 600590000 என்ற எண்ணில் அவரே புகாரைப் பதிவு செய்யலாம். 2024 முதல், 50,000 திர்ஹாம் வரையிலான தகராறுகளில் அமைச்சகமே முடிவு கூறும். அம்முடிவை ஏற்காதவர் 15 வேலை நாட்களுக்குள் நீதிமன்றத்தை நாட வேண்டும். "வக்கீல் நானே, அனைத்தையும் பார்த்துக்கொள்கிறேன்" என்ற வாய்மொழியை நம்பிக் காத்திருப்பவருக்கு இந்நாட்கள் திரும்பக் கிடைப்பதில்லை. மேலும், 1,00,000 திர்ஹாமுக்கு மேற்படாத தொழிலாளர் வழக்குகளுக்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை. அவ்வழக்கில் ஊழியரிடம் நீதிமன்றக் கட்டணம் கேட்பவரை ஐயுறுதல் தகும்.

ஆகவே, வழக்கறிஞர் என்று கூறுபவரிடம் உரிமத்தைக் கேட்டு, சட்ட விவகாரத் துறையில் சரிபார்த்தல் நன்று. பொருள் விளங்காத அரபுப் பத்திரத்தில், குறிப்பாக அதிகாரப் பத்திரத்தில், நீதி அமைச்சக உரிமம் பெற்ற மொழிபெயர்ப்பாளரின் துணையின்றிக் கையொப்பமிடலாகாது. கொடுத்த தொகைக்கு ரசீது பெறுதலும் பாஸ்போர்ட்டைப் பிறர் கையில் விடாதிருத்தலும் இன்றியமையாதவை. வழியறியாத இந்தியர், ஹம்ரியாவில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் உதவி மையத்தை 80046342 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம்.

மனு எழுதுதல் நேர்மையான தொழில். அது தன் பெயரிலேயே நடைபெறும் வரை மதிப்புக்குரியது. வழக்கறிஞர் என்ற பெயரோ பிறருடைய உரிமையைக் காக்கும் பொறுப்பைச் சுமப்பது. அப்பொறுப்பை ஏற்க உரிமம் உள்ளவரிடமே வழக்கை ஒப்படைத்தல் அறிவுடைமை.