ஆங்கில இலக்கணமும் நம் வழக்கும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரின் பெருமையைப் பேசுவது வழக்கம். அவருக்கு அது பிடிக்காது என்று மம்சாபுரத்துக்காரர்கள் அறிவார்கள். அவர் தொடங்கிவைத்த மாலை வகுப்பில் இப்போது என்ன நடக்கிறது என்று சொன்னால் போதும் என்று நாங்கள் முடிவுசெய்தோம்.

வகுப்புக்கு வருகிறவர்கள் ஆங்கிலமே தெரியாதவர்கள் அல்லர். பன்னிரண்டாம் வகுப்போ பட்டமோ முடித்தவர்கள். ராஜபாளையத்து மில்லில் ஷிப்ட் முடித்து வருகிற பெண்களும் உண்டு. வாசிப்பார்கள், பாதி புரியும், மீதியில் நின்றுவிடுவார்கள். ‘இன்டர்மீடியட்’ என்று அட்டை போட்டு விற்கும் புத்தகங்கள் இவர்களுக்கானவைதாம். ஆனால் அந்தப் புத்தகங்களில் ஆட்கள் விமான நிலையத்தில் வழி கேட்கிறார்கள், ஓட்டலில் அறை எடுக்கிறார்கள், மழை வருமா என்று பேசிக்கொள்கிறார்கள். நம் பிள்ளைகளின் எதிரில் ஆங்கிலம் வந்து நிற்கும் இடம் வேறு. நம் மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. அங்கே தமிழில் சாட்சி சொல்லலாம். மேல்முறையீடு மதுரைக் கிளைக்குப் போனால் தீர்ப்பு ஆங்கிலத்தில் வரும். தன் வழக்கின் தீர்ப்பைத் தானே வாசிக்க முடியாதவர், வக்கீல் சொல்வதைக் கேட்டுக்கொண்டு பஸ் ஏற வேண்டியதுதான்.

ஆகவே நாங்கள் பிரிபொசிஷனை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலிருந்து நடத்துகிறோம்.

1989ஆம் ஆண்டின் அந்தச் சட்டம், பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதிப்பதைக் குற்றம் என்கிறது. எங்கே நடந்தால் குற்றம்? ‘இன் எனி பிளேஸ் விதின் பப்ளிக் வியூ’ என்கிறது. ‘விதின்’ என்றால் ‘உள்ளே’ என்று மனப்பாடம் செய்தவர், ‘பொது இடத்துக்குள்’ என்று படித்துவிடுவார். சட்டம் கேட்பது பொது இடத்தை அல்ல, பொதுப் பார்வையை. 2008இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டை விரித்துச் சொன்னது. வீட்டு கேட்டருகே நடந்தாலும், சாலையில் போகிறவர் கண்ணில் படுமானால் அது சட்டத்துக்குள் வரும் என்றது. 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில், நான்கு சுவருக்குள், வெளியார் எவரும் இல்லாதபோது நடந்தது இந்தப் பிரிவில் நிற்காது என்று சொன்னதும் அதே நீதிமன்றம்தான். சுவருக்குள் பட்டால் அவமானம் இல்லையா என்று வகுப்பில் ஒரு பெண் கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு விடை வரும்வரை புகார் எழுதியாக வேண்டும். யார் யார் நின்றார்கள், கதவு திறந்திருந்ததா, தெருவிலிருந்து பார்த்தால் தெரியுமா என்பதையெல்லாம் விடாமல் எழுது என்று ‘விதின்’ சொல்லிக்கொடுக்கிறது.

அதே சட்டத்தில் இன்னொரு பாடம். பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றத்தை நம்மவர்மீது செய்தால் ஆயுள் தண்டனை என்று ஒரு பிரிவு உண்டு. முதலில் அதில் ‘ஆன் தி கிரவுண்ட் தட்’ என்று இருந்தது. அதாவது, இன்ன சாதி என்ற காரணத்தால். காரணத்தை யார் நிரூபிப்பது? கொலை செய்தவன் நிலத் தகராறு என்பான், வழக்கு அந்தப் பிரிவிலிருந்து நழுவிவிடும். 2015இல் திருத்தம் கொண்டுவந்து ‘நோயிங் தட்’ என்று மாற்றினார்கள். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. தெரிந்திருந்தாலே போதும். ஊரில் யார் எந்தத் தெரு என்று தெரியாதவர் உண்டா? ஒரு சொற்றொடரை மாற்ற இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

‘பாசிவ் வாய்ஸ்’ பள்ளியில் வாக்கியத்தைத் திருப்பிப் போடும் வித்தையாகவே கற்றுத்தரப்படுகிறது. நாங்கள் செய்தித்தாளைக் கையில் கொடுக்கிறோம். ‘குடிசைகள் எரிக்கப்பட்டன’, ‘அனுமதி மறுக்கப்பட்டது’. இவற்றை ஆங்கிலமாக்கி, கடைசியில் ‘பை’ போட்டு முடியுங்கள் என்றால் வகுப்பு கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கும்.

‘யூ’ என்ற சொல்லுக்கு எப்போதும் வரவேற்பு உண்டு. நம் தாத்தாவை ஊர்த்தெருப் பையன் ‘வாடா’ என்பதும், தாத்தா அவனை ‘சாமி’ என்பதும் எல்லாரும் பார்த்தது. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் ‘தௌ’ என்ற ஒருமைச் சொல் இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் குவேக்கர்கள் நீதிபதி முதல் பிரபு வரை எல்லாரையும் அப்படியே அழைத்தார்கள், அதற்காக உதையும் வாங்கினார்கள். பிறகு நடந்ததுதான் வேடிக்கை: பேச்சில் ‘தௌ’ மறைந்து, மரியாதைச் சொல்லான ‘யூ’ அனைவருக்கும் உரியதானது. ‘சர்’ மட்டும் மிச்சம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆங்கிலத்துக்குத் தமிழ் தந்த சொற்கள் என்று கட்டுமரத்தையும் சுருட்டையும் பெருமையாகச் சொல்வார்கள். பறையரை அந்தப் பட்டியலில் பலர் சேர்ப்பதில்லை. ‘பரையா’ என்றால் ஒதுக்கப்பட்டவன் என்று அகராதி சொல்கிறது. உலக நாடுகள் விலக்கிவைத்த நாட்டை ‘பரையா ஸ்டேட்’ என்று இன்றும் எழுதுகிறார்கள். ஒரு மக்களின் பெயர் உலகத்துக்கே வசையாகிவிட்டது. 1893இல் ரெட்டமலை சீனிவாசன் தம் பத்திரிகைக்கு ‘பறையன்’ என்றே பெயர் வைத்தார். தேர்வில் வந்தால் அகராதிப் பொருளை எழுதுங்கள், மதிப்பெண் வாங்குங்கள், ஆனால் நீங்கள் எழுதும் கட்டுரையில் அந்தச் சொல் வேண்டாம், ‘அவுட்காஸ்ட்’ என்று போடுங்கள் என்கிறோம்.

தப்பாகப் பேசிவிடுவோமோ என்ற கூச்சம்தான் இன்னும் பெரிய தடை. நம் மாவட்டத்துப் புதுப்பட்டியில் பிறந்த பாமா, 1992இல் ‘கருக்கு’வை நம் வீட்டுப் பேச்சில் எழுதினார். 2000இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் அதை ஆங்கிலத்தில் தந்தார். இன்று ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவர்கள் அதைப் பாடமாகப் படிக்கிறார்கள். எங்கள் வகுப்பில் இரண்டு நூல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கிறோம். மில் பெண்கள் மூலத்தை வாசித்துச் சிரிக்கும் இடங்களில் மொழிபெயர்ப்பு என்ன செய்திருக்கிறது என்று தேடுவதே பாதிப் பாடம் ஆகிவிடுகிறது.

ஞாயிறு தோறும் காலையிலும் வகுப்பு நடத்தச் சொல்லி அந்தப் பெண்கள் கேட்டிருக்கிறார்கள். வழக்கறிஞர் தோழர்கள் சிலர் இந்த அவையில் இருக்கிறீர்கள். முடிந்த வழக்குகளின் தீர்ப்பு நகல்களைக் கொடுத்தால் அடுத்த மாதப் பாடத்தை அதிலிருந்து தயாரிப்போம்.