ஊரார் கொடுத்த நாலு பைசா



எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் அறையில் ஒரு பழைய சுவர்க் கடிகாரம் இருந்தது. ஊசல் ஆடும் கடிகாரம். வாரம் ஒருமுறை சாவி கொடுக்க வேண்டும். 2003ஆம் ஆண்டு, திருவள்ளூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியராகப் போனேன். போன முதல் வாரத்திலேயே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பெரியவர் அறைக்குள் வந்தார். என்னைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைத்தான் பார்த்தார். "ரெண்டு நிமிசம் பின்தங்கி ஓடுது. சாவி குடுக்கலீங்களா சார்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இவர் யார் என்னைக் கேட்க? அவரே சொன்னார்: "பள்ளிக்கூட மாநாட்டுல நாங்க குடுத்ததுங்க இது."

அந்த மாநாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1954இல் காமராசர் முதலமைச்சர் ஆனார். அதே ஆண்டு பொதுக்கல்வி இயக்குநர் பொறுப்புக்கு வந்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. காஞ்சிபுரம் பக்கம் நெய்யாடுபாக்கம் என்கிற சிற்றூர்க்காரர். ஊர் ஊராகப் பள்ளிகள் திறந்தன, ஆனால் பிள்ளைகள் வரவில்லை, வந்தவர்களும் நிற்கவில்லை. வீட்டில் மதியம் உலை ஏறாது. மாடு மேய்த்தாலாவது கூழ் கிடைக்கும். படிப்பின் அருமையை அந்தப் பெற்றோருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பசிக்குத்தான் பதில் வேண்டியிருந்தது.

பள்ளியில் சோறு போடுவது அதற்கு முன்பே நடந்த ஒன்றுதான். 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் தொடங்கிப் பார்த்தது. ஆனால் மாநிலம் முழுக்க என்றால் பணத்துக்கு எங்கே போவது? 1956இல் மக்களிடமே கேட்டார்கள். பணமாகக் கொடுத்தவர்கள் இருந்தார்கள், நெல்லாகவும் கேழ்வரகாகவும் அளந்தவர்கள் இருந்தார்கள். மறு ஆண்டு அரசு கைகொடுத்தது. நயா பைசா புழக்கத்துக்கு வந்திருந்த காலம் அது. ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்குப் பத்துப் பைசா என்று கணக்கிட்டார்கள். அதில் ஆறு பைசா அரசுடையது, நாலு பைசா ஊராருடையது.

அந்த நாலு பைசாவைப் பற்றி நான் பல நாள் யோசித்திருக்கிறேன். அரசிடம் போதிய பணம் இல்லாததால் வந்த ஏற்பாடு என்று சொல்லிவிடலாம், அது உண்மையும்கூட. ஆனால் அந்த நாலு பைசா வேறொரு காரியத்தையும் செய்தது. தலைமையாசிரியரை நாற்காலியிலிருந்து எழுப்பித் தெருவுக்கு அனுப்பியது. களத்துமேட்டில் நின்று, "ஐயா, பிள்ளைகளுக்கு ஒரு மரக்கால் நெல்" என்று கேட்க வைத்தது. ஊரிடம் கை நீட்டிய வாத்தியார் மறுநாள் தாமதமாகப் பள்ளிக்கு வர முடியுமா? கொடுத்தவர் வழியில் மடக்கி, "என் நெல்லு வந்து சேர்ந்துச்சா, பிள்ளைங்க சாப்பிட்டாங்களா, படிக்கிறாங்களா?" என்று கேட்பாரே!

அடுத்து 1958இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. பள்ளிக்கு என்னென்ன குறை என்று ஆசிரியர்கள் பட்டியல் போட்டார்கள். கரும்பலகை, பெஞ்சு, தண்ணீர்ப் பானை, கூரைக்கு ஓடு, சுற்றுச்சுவர் என்று அது நீண்டது. "பெஞ்சு என் பொறுப்பு, ஓடு என் பொறுப்பு" என்று ஊரார் ஏற்றுக்கொண்டார்கள். அங்கிருந்து அது மாவட்டம் மாவட்டமாகப் பரவியது. ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை கிடைத்ததும் இந்த இயக்கத்தில்தான். இன்றைக்கு நமக்குச் சீருடை என்றால் கட்டுப்பாடு நினைவுக்கு வருகிறது. அன்றைக்கு அது, யார் வீட்டில் கிழிசல் என்று யாருக்கும் தெரியாமல் மறைத்த துணி.

எங்கள் பள்ளிக் கடிகாரமும் அப்படி வந்ததுதான். அதன் மேல் எந்தப் பெயரும் இல்லை. ஊரே சேர்ந்து வாங்கியது என்றார் பெரியவர்.

இனி என் தவறு. 2004 என்று நினைவு. பக்கத்து ஊர்க் கடைக்காரர் ஒருவர், நல்ல மனிதர், முப்பது ஏழைப் பிள்ளைகளுக்குப் புத்தகப் பை வாங்கித் தந்தார். எனக்கு ஒரே மகிழ்ச்சி. விழா எடுத்தேன். ஷாமியானா, ஒலிபெருக்கி, மாலை, பொன்னாடை. முப்பது பெயரையும் ஒவ்வொன்றாக வாசித்தேன். பிள்ளைகள் மேடைக்கு வந்து, பையை வாங்கி, புகைப்படத்துக்கு நின்று, கும்பிட்டுவிட்டு இறங்கினார்கள். கைதட்டல் ஓயவில்லை.

மறுநாள் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பழைய மஞ்சப்பையோடு வந்தான். புதுப் பை எங்கே என்றேன். பேசவில்லை. மறுநாளும் மஞ்சப்பை. நன்றாகத் திட்டிவிட்டேன். கொடுத்தவர் மனம் நோகாதா, நன்றி வேண்டாமா என்றெல்லாம். அவன் தலை குனிந்தபடியே நின்றான்.

எங்கள் சத்துணவுக்கூடத்தில் ஓர் ஆயா இருந்தார். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, கணவனை இழந்த பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் வேலையில் முன்னுரிமை தந்தார்கள். அப்படி வந்தவர். ஐந்தாவது வரை படித்தவர். அன்று மதியம் பாத்திரம் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அந்தப் பையில குடுத்தவங்க பேரு பெருசா எழுதியிருக்குங்க சார். தெருவுல அதைத் தூக்கிட்டு நடந்தா, இவன் வீட்ல இல்லைன்னு எழுதி மாட்டுன மாதிரிதானே?"

நான் வாயடைத்து நின்றேன். அவர் நிறுத்தவில்லை. "பசிக்குதான்னு நான் எந்தப் பிள்ளையையும் கேக்க மாட்டேங்க. கேட்டா இல்லைன்னுதான் சொல்லும். தட்டுல வெச்சுட்டு அடுத்த பிள்ளைக்குப் போயிருவேன்."

அதன் பிறகுதான் அவர் பரிமாறுவதைக் கவனிக்கத் தொடங்கினேன். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி என்பது அரசுக் கணக்கு. கணக்கை அவர் மீறவில்லை. ஆனால் எந்தப் பிள்ளை பாதியில் எழுந்துவிடும், எந்தப் பிள்ளை வழித்துச் சாப்பிடும் என்பது அவருக்குத் தெரியும். கரண்டி அதற்கேற்ப மேலும் கீழும் போகும். எனக்கு நன்றாக நினைவிருப்பது திங்கட்கிழமைகள். "திங்கக்கிழமை சோறு பத்தாதுங்க சார்" என்பார். சனி, ஞாயிறு பள்ளி இல்லை. வெள்ளி மதியத்துக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிடாத பிள்ளைகள் திங்கள் மதியம் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வருவார்களாம். இருபத்தைந்து ஆண்டுகள் ஆசிரியராக இருந்தும் அந்த இரண்டு கையை நான் பார்த்ததில்லை. திங்கள் காலையில் கணக்குத் தேர்வு வைத்து, மதிப்பெண் குறைந்தால் பிரம்பை எடுத்திருக்கிறேன். இதைச் சொல்ல இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

அந்த வாரமே கடைக்காரரைப் போய்ப் பார்த்தேன். தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எனக்குத் தோணலையே சார்" என்று வருத்தப்பட்டார். அடுத்த ஆண்டு பெயரில்லாத பைகள் வந்தன. முப்பது இல்லை, பள்ளிக்கே சேர்த்து வாங்கித் தந்தார். விழா இல்லை. வகுப்பாசிரியர்கள் பாடப்புத்தகத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். மஞ்சப்பைப் பையனும் வாங்கிக்கொண்டான்.

சத்துணவைப் பிள்ளைகளுக்குப் பரிமாறுமுன் ஆசிரியர் ருசி பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது விதி. அதுவரை நின்றபடியே ஒரு வாய் போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டவன் நான். அதற்குப் பிறகு ருசி பார்த்த கையோடு தட்டு எடுத்துத் தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். என் வீட்டுச் சாப்பாட்டை அவர்களுக்கு நடுவில் பிரித்தேன். சாம்பாரில் உப்பு கூடியது மட்டுமா தெரிந்தது? யாருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, யார் வீட்டில் அப்பா வரவில்லை என்பதும் தெரிந்தது. ஒரு மாதம் கழித்துக் கணக்கு ஆசிரியர் வந்து உட்கார்ந்தார். பிறகு தமிழம்மா. நான் யாரையும் கூப்பிடவில்லை. சுற்றறிக்கை போட்டிருந்தால் முணுமுணுத்திருப்பார்கள். மாலையில் ஒரு மணி நேரம் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன் என்று அந்த ஆசிரியரே கேட்டபோது, பள்ளிச் சாவியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

தலைமைப் பண்பு குறித்துப் பயிற்சிகள் பல பார்த்துவிட்டேன். அவற்றைக் குறை சொல்ல மாட்டேன், கோப்பு நடத்தவும் கால அட்டவணை போடவும் அவைதான் கற்றுத் தந்தன. ஆனால் ஒரு பிள்ளையின் தலை குனியாமல் எப்படிக் கொடுப்பது என்பதை அந்தச் சமையல்கூடத்து வாசலில்தான் கற்றேன்.

ஆயா ஓய்வு பெற்று அதே ஊரில்தான் இருக்கிறார். நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. எங்கள் பள்ளியிலும் அடுப்பு பற்ற வைத்தார்கள் என்று கேள்விப்பட்டதும் ஆயாவைப் பார்க்கப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். விவரம் சொன்னேன். யார் திட்டம், எவ்வளவு செலவு என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.

"திங்கக்கிழமையும் உண்டுங்களா சார்?" என்றார்.

"உண்டும்மா. உப்புமா, சாம்பார். காலையில மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே."

கீரை உருவிய கை நின்றது. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உள்ள வாங்க, சாப்பிட்டுப் போலாம்" என்று எழுந்தார்.