மனை திருத்தும் முறை
(நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



மரஞ்செடிகள் அடர்ந்த நிலத்தை வீடு கட்டுதற்கு ஏற்றதாகத் திருத்துவது எங்ஙனம் என்பது பற்றிச் சில சொல்லுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்தனர். காலத்திற்கேற்ற விஷயமே. 1964-ல் அம்பத்தூரில் தொழிற்பேட்டை தோன்றியது. 2011-ல் அவ்வூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2019-ல் ஆவடி தானே ஒரு மாநகராட்சியாயிற்று. இவற்றால் பாட்டன் வழி வந்த தோப்புகளும் கொல்லைகளும் நாளுக்கு நாள் மனைகளாகி வருகின்றன. காலையில் மண்வாரி இயந்திரம் வருகிறது; மாலைக்குள் வேம்பும் புங்கும் பனையும் சாய்ந்து வெறுந்தரையே எஞ்சுகிறது. ஒரு பகலில் முடியும் இவ்வேலையின் நன்மை தீமைகளை அங்குக் குடியேறுவோர் ஒரு தலைமுறைக் காலம் அனுபவிக்க வேண்டியிருக்கிறது.

மரம் வெட்டுதலே பாவம் என்று சொல்ல நாம் வரவில்லை. நம் பக்கத்து ஊர்ப்பெயர்களை நோக்குங்கள். திருவேற்காடு வேல மரக்காடு, மாங்காடு மாமரக்காடு, திருமுல்லைவாயில் முல்லைக்கொடி படர்ந்த இடம். காடு திருத்தியே நம் முன்னோர் ஊர் கண்டனர். ஆயினும் கரிகாற்சோழன் காடழித்து நாடு சமைத்ததைக் கூறும் பட்டினப்பாலை, அவன் நீர்நிலை உண்டாக்கியதையும் உடன் கூறுகின்றது. அழித்தலும் ஆக்குதலும் ஒருங்கே நிகழ்ந்தன என்பதே நாம் கருதற்பாலது.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையிலுள்ள திருமுல்லைவாயில் தலவரலாற்றை நீங்கள் அறிவீர்கள். குறும்பரோடு பொர வந்த தொண்டைமானது யானையின் கால் முல்லைக்கொடியிற் சிக்கியது. அவன் வாளால் கொடியை வெட்டினான். உள்ளே மறைந்திருந்த சிவலிங்கத்தின்மீது வாள் பட்டுக் குருதி பெருகியது. அவ்வடுவின் பொருட்டே மாசிலாமணியீசர்க்குச் சந்தனக்காப்பு இடப்பெறுகின்றது என்பர். கொடியின் கீழ் யாது உளது என்று பாராமல் வெட்டலாகாது என்பது இதனால் நாம் கொள்ளும் பாடம். மனை திருத்துவார்க்கு இதனினும் சிறந்த விதி வேறில்லை.

முதலாவதாகப் பார்க்கவேண்டியது உரிமை. பொதுக்குடும்பச் சொத்தில் பெண்மக்களுக்கும் சம பங்கு உண்டென்பது நம் மாநிலத்தில் 1989 முதலும், நாடெங்கும் 2005 முதலும் சட்டமாகும். உடன்பிறந்தாளிடம் ஒரு வார்த்தை கேளாமல் தோப்பை வெட்டிவிட்டுப் பின்னர் நியாயஸ்தலத்தின் படியேறுதல் குலத்திற்குப் பெருமையன்று. மரம் விழுமுன் எல்லாப் பங்காளிகளும் கையொப்பமிடல் வேண்டும். பிறகு சர்வேயரைக்கொண்டு அளந்து எல்லைக்கல் காண்க. பனை நம் மாநில மரம். அதனை வெட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டுமெனச் சர்க்கார் 2021-ல் அறிவித்ததையும் மறவாதிருத்தல் நலம்.

இரண்டாவது நீர்வழி. புதருக்குள் ஒரு சிறு பள்ளம் வளைந்து செல்லுமாயின் அதனைக் குப்பைக்குழி என்று எண்ணாதீர்கள். ஏரியின் வரத்துக்காலாகவோ போக்குக்காலாகவோ இருக்கலாம். கிராம வரைபடத்தோடு ஒத்துப் பாருங்கள். அம்பத்தூர், கொரட்டூர், இரட்டேரி ஆகிய ஏரிகள் ஒன்றன் மிகைநீர் மற்றொன்றிற் சேருமாறு தொடராக அமைந்தவை. இடையிலுள்ள கால்களைத் தூர்த்தால் நீர் நம் கூடத்து வழியே போகும். 2015 டிசம்பரில் இப்பகுதியில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததைக் கண்டவர்கள் இச்சபையிலேயே பலர் இருக்கின்றீர்கள். ஏரி காத்தவர் மரபினர் என்று மேடைதோறும் பேசும் நாம் கால்வாய் தூர்ப்பவராதல் தகுமா?

மூன்றாவது மரங்களை வகைபிரித்தல். சீமைக்கருவேலம் இந்நாட்டு மரமன்று. 1877-ல் அக்காலச் சென்னை மாகாணத்துக் கடப்பைப் பக்கத்தில் விதைக்கப்பெற்றுப் பின்னர்ப் பரவியது. அதனைத் தயக்கமின்றி நீக்கலாம். ஆனால் தரைமட்டத்தில் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கும். வேரோடு தோண்டி எடுத்தலே முறை. வேம்பு, புங்கு, நாவல், பூவரசு முதலியவற்றுள் சுவர் வரும் இடத்தில் நிற்பவற்றை மட்டும் நீக்கி, ஓரத்தில் நிற்பவற்றைக் காப்பாற்றுங்கள். இஞ்சினீயர் வரைபடம் போடுமுன்னரே மரங்களின் இடத்தைக் குறித்துக் கொடுத்தால், பத்தில் சிலவேனும் பிழைக்கும்.

வெட்டும் முறையிலும் கவனம் வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாகத் திருத்தினால் பாம்பும் பிற உயிர்களும் மறுபக்கமாக விலகிப்போக வழியிருக்கும். வேலையாட்களுக்கும் ஆபத்துக் குறையும். குவித்துத் தீயிடுதல் வேண்டா. அடிவேர்களை மண்ணுக்குள் விட்டுவிட்டால் அவை மக்கிக் குழிவிழும். கறையானும் அங்கிருந்தே வீட்டிற்குள் ஏறும். களிமண் நிலத்தில் மற்றொரு சங்கதியும் உண்டு. பெருமரம் நாள்தோறும் மண்ணின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும்; அது போனபின் மண் நீரேறி உப்பும். அதன்மேல் உடனே எழுப்பிய சுவர் விரிசல் காணும். ஆதலின் மண்ணைச் சோதித்து, தக்கார் சொல்லும் ஆழத்தில் அஸ்திவாரம் இடுக. கூடுமாயின் ஒரு மழைக்காலம் பொறுத்திருப்பதும் நன்று. மேல்மண்ணைக் காண்ட்ராக்டர் அள்ளிச்செல்ல விடாமல் ஒருபுறம் குவித்து வைத்தால், பின்னர்த் தோட்டத்திற்கு உதவும். பழங்கிணறு இருந்தால் மூடற்க. 2003 முதல் மழைநீர்ச் சேகரிப்பு நம் மாநிலத்தில் ஒவ்வொரு கட்டிடத்திற்கும் கட்டாயமாதலால், கூரைநீரை வடிகட்டி அதற்குள் விடலாம்.

இவையெல்லாம் பெருஞ்செலவு உடையன அல்ல. வேண்டுவது பொறுமையும் சில நாட்களுமே. இனி நம்மவருள் மனை திருத்துவோர், பங்காளிகள் அனைவரின் சம்மதமும் பெறுவோம், நீர்வழியைத் தூர்க்கமாட்டோம், வெட்டும் ஒவ்வொரு நன்மரத்திற்கும் இரண்டு கன்று நட்டு மூன்றாண்டு நீர்வார்ப்போம் என்று இச்சபையில் உறுதிகொள்ளுமாறு வேண்டுகின்றோம். வேற்காடு, மாங்காடு என்ற பெயர்களைத் தம் முகவரியில் எழுதப்போகும் நம் பேரப்பிள்ளைகளுக்குச் சில மரங்களையேனும் கண்ணால் காணும்படி விட்டுச்செல்லுதல் நம் கடமை.