கடல் கடந்து ஆங்கிலம் கற்பிக்கப் போனால்

(கள்ளக்குறிச்சியில் ஆங்கில ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியின்போது ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"மாலத்தீவுல வேலை பார்த்தீங்களாமே அக்கா, நாங்களும் போகலாமா?" மாதத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். பெரும்பாலும் பி.எட். முடித்துவிட்டுக் குறைந்த சம்பளத்தில் தனியார் பள்ளிகளில் இருப்பவர்கள். உங்களிடமும் ஒரு முன்னாள் மாணவரோ, வீட்டில் மகளோ மருமகனோ இதைக் கேட்டிருக்கலாம். அதனால்தான் இதைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டேன்.

இது புதிய வழி அல்ல. ஹைலி செலாசி பேரரசராக இருந்த காலத்தில் எத்தியோப்பியப் பள்ளிகளில் கற்பித்தவர்களில் இந்தியர்கள் ஏராளம். பிறகு எண்ணெய்ப் பணம் பெருகிய 1970களில் நைஜீரியா அழைத்தது. இன்று தென்கொரியா, சீனா போன்ற நாடுகளிலும் ஆங்கில ஆசிரியர்களுக்கு நல்ல தேவை இருக்கிறது. ஆனால் அங்கே பெரும்பாலும் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற சில நாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களைத்தான் கேட்கிறார்கள். நாம் எவ்வளவு நன்றாகக் கற்பிப்போம் என்பது அந்த விண்ணப்பத்தில் ஒரு கட்டமாகக்கூட இருக்காது. எனக்கு இதில் இன்னும் கோபம் உண்டு, அது வேறு கதை.

மாலத்தீவு அப்படிக் கேட்பதில்லை. திருவனந்தபுரத்திலிருந்து விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம்தான். நம் ஊரிலிருந்து திருவனந்தபுரம் போவதுதான் நெடும் பயணம். சுமார் 1,200 தீவுகளில் இருநூறுக்கும் குறைவானவற்றில்தான் மக்கள் வசிக்கிறார்கள். 1960களின் தொடக்கத்திலிருந்து ஆங்கிலவழிக் கல்வி. மக்களின் தாய்மொழி திவேகி. நாம் மாசி என்று வாங்கும் கருவாடு அவர்கள் ஊர்ச் சரக்குதான். திவேகியில் 'மஸ்' என்றால் மீன்.

நான் போனபோது என் மகளுக்கு நான்கு வயது. கச்சிராயபாளையத்தில் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது எட்டு வயது. சம்பளம் இங்கே வாங்கியதைப் போலப் பல மடங்கு. கடன் அடைந்தது, வீட்டுக்குக் கூரை மாறியது. ஆனால் அவளுக்கு முதல் பல் விழுந்ததை நான் பார்க்கவில்லை. இன்றும் காய்ச்சல் வந்தால் அவள் தேடுவது ஆயாவைத்தான். போகலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். சம்பளத்தைப் பிறகுதான் சொல்கிறேன்.

அங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை. தீபாவளியன்று பள்ளி உண்டு. வழிபாட்டுக்கான சாமி சிலையைக் கொண்டுபோக முடியாது, சுங்கத்திலேயே தடை. இதெல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும். வகுப்பறை அப்படிப் பழகவில்லை. அதைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன்.

திவேகியின் எழுத்து தானா. வலமிருந்து இடமாக எழுதுவார்கள். நோட்டையும் நமக்குப் பின்பக்கம் என்று தோன்றும் பக்கத்திலிருந்துதான் திறப்பார்கள். முதல் வகுப்புப் பிள்ளை காலையில் திவேகி வகுப்பில் அப்படி எழுதிவிட்டு, அடுத்த வகுப்பில் என்னிடம் வந்து எதிர்த் திசையில் எழுத வேண்டும். சில பிள்ளைகள் தங்கள் பெயரை வலது ஓரத்தில் தொடங்கி ஒவ்வோர் எழுத்தாக இடப்பக்கம் கொண்டுவந்தார்கள். எழுத்துகள் எல்லாம் சரி, திசைதான் வேறு. இடது ஓரத்தில் ஒரு சின்ன மீன் வரைந்து, "மீனிலிருந்து கிளம்பு" என்பேன். ஒரு பருவத்துக்குள் மீன் தேவைப்படவில்லை.

தமிழைப் போலவே திவேகியிலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும். ஆகவே அங்கேயும் பிள்ளைகள் "ஐ ஃபிஷ் ஏட்" என்றுதான் சொன்னார்கள். எனக்குச் சொந்த ஊருக்கே வந்ததுபோல் இருந்தது. ஆனால் ஒரு வேறுபாடு. நம் பிள்ளைகள் "திஸ் இஸ் புக்" என்று 'ஏ'-ஐ விழுங்கிவிடுவார்கள் அல்லவா? அந்தப் பிள்ளைகளுக்கு அது எளிதில் பிடிபட்டது. ஏனென்று சக ஆசிரியை ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். திவேகியில் 'ஒரு புத்தகம்' என்று சொல்ல, பெயர்ச்சொல்லின் கடைசியில் 'எ' என்பதுபோல் ஒரு விகுதி சேர்ப்பார்கள். அந்த விகுதியைக் காட்டி, "இதுதான் ஆங்கிலத்தில் முன்னால் வருகிறது" என்றால் போதும். அதன் பிறகு நான் தினமும் பத்துச் சொல்லாவது திவேகி கற்றுக்கொண்டேன். மாணவரின் தாய்மொழி தெரியாமல் ஆங்கிலம் கற்பிக்கலாம் என்று புத்தகங்கள் சொல்லட்டும். பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி விழும் என்பது அவன் மொழி தெரிந்தவருக்குத்தான் முன்கூட்டியே தெரியும்.

திரும்பி வந்து, தேர்வெழுதி, அரசுப் பணி கிடைத்து, இப்போது கல்வராயன் மலையில் இருக்கிறேன். மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள். வீட்டில் பேசுவது தமிழ்தான், ஆனால் நம் பாடநூல் தமிழ் அல்ல. வெள்ளிமலைப் பேருந்தில் ஏறிய முதல் வாரமே, நான் மறுபடியும் வேற்றூர் ஆசிரியைதான் என்பது புரிந்தது. தீவில் செய்ததையே செய்தேன். ஒரு நோட்டு போட்டேன். அவர்கள் வீட்டில் சொல்லும் சொற்களை அவர்களையே சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். டீச்சருக்குத் தெரியாத ஒன்றைத் தாங்கள் சொல்லித் தருகிறோம் என்றால் பிள்ளைகளுக்கு எவ்வளவு மகிழ்ச்சி தெரியுமா!

ஆறாம் வகுப்பில் அம்மாவைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொன்னேன். ஒரு பையன் ஒரே வரி எழுதியிருந்தான்: "மை மதர் கோ பெப்பர்." சிவப்பு மையில் திருத்தக்கூடிய வரிதான். கேட்டேன். மிளகு பறிக்கக் கேரளாவுக்குப் போயிருக்கிறார்கள், எப்போது வருவார்கள் என்று தெரியாது என்றான். கடுக்காய்க் காலத்திலும் மரவள்ளி பிடுங்கும் காலத்திலும் ஊரில் இருப்பவர்கள், வேலை இல்லாத மாதங்களில் மிளகுக்கும் காப்பிக்கும் போய்விடுகிறார்கள். அன்று 'ஹாஸ் கான்' என்பதைக் கரும்பலகையில் எழுதினேன். போனவர் இன்னும் திரும்பவில்லை என்பதைச் சொல்லும் வினை அது. 'வென்ட்' என்றால் போனதோடு சரி. அந்த வகுப்பில் அதற்கு வேறு எடுத்துக்காட்டு தேவைப்படவில்லை. யார் யார் வீட்டில் யார் போயிருக்கிறார்கள் என்று ஆளுக்கொரு வரி எழுதினார்கள். நான் என் மகள் எழுதியிருக்கக்கூடிய வரியை எழுதவில்லை. மனதில் மட்டும் சொல்லிக்கொண்டேன்.

சரி, போக விரும்புகிறவர்களுக்கு நடைமுறைச் செய்தி சில. மாலத்தீவுக்குச் சுற்றுலா போக முன்கூட்டியே விசா வேண்டாம், இறங்கியதும் கொடுப்பார்கள். ஏமாற்றுபவர்களுக்கும் இதுவே வசதி. "முதலில் சுற்றுலாவாக வந்துவிடுங்கள், வேலை அனுமதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒருவர் சொன்னால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். வேலை அனுமதியும் ஒப்பந்தமும் கைக்கு வந்த பிறகுதான் பயணச்சீட்டு. இந்திய அரசு விதிப்படி, பதிவுபெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், வரி தனி. பதிவு உண்டா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் நீங்களே பார்க்கலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-இல் தொடங்கப்பட்டது, சென்னையில் இருக்கிறது. முதலில் அங்கே விசாரியுங்கள்.

சம்பளம் ருஃபியாவிலா டாலரிலா என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். வங்கிக் கணக்குப்படி ஒரு டாலர் 15.42 ருஃபியா. ஆனால் அந்த விலைக்கு டாலர் எளிதில் கிடைக்காது. பாரத ஸ்டேட் வங்கி அங்கே 1974 முதல் இருக்கிறது, அதன் வழியாக ஊருக்குப் பணம் அனுப்பலாம். மாதம் எவ்வளவு அனுப்பலாம் என்ற வரம்பு மாறிக்கொண்டே இருக்கும். வீட்டு வாடகை யார் பொறுப்பு, ஆண்டுக்கு ஒருமுறை ஊர் வந்துபோகச் சீட்டு உண்டா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

சின்னசேலம் பக்கத்துத் தங்கை ஒருத்தி அடுத்த கல்வியாண்டில் போகிறாள். கைக்குழந்தை இல்லை, கடன் உண்டு. என் திவேகி நோட்டை அவளிடம் கொடுத்திருக்கிறேன். திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். முகவர் பெயர் மட்டும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.